பேராண்டி, காபி மெஷின் வாங்கிட்டியாமே!

மூடுன காபிக்கடை ஒண்ணுலேந்து நீ இத்தாலி மெஷினை எறக்கிட்டு வந்த சேதி சோழவந்தான் வரைக்கும் வந்துருச்சு. ரெண்டு பக்கமும் காபி எறங்குமாம், நாலு பேரு தூக்குனாங்களாம், மாடிப்படித் திருப்பத்துல சுவத்துப் பூச்சு பேந்துருச்சாம். ஒங்க வீட்டுல காபி குடிக்கிறது நீயும் ஒன்னைக் கட்டிக்கிட்ட அந்தப் புள்ளையும், ஆக ரெண்டு பேரு. அந்த மெஷினைக் கட்டுனவன் மனசுல வச்சிருந்தது ஒரு நாளைக்கு எரநூறு, முந்நூறு கப்பு. மிச்சத்தை என்ன செய்வ? சித்திரைத் திருவிழாவுல நீர்மோர்ப் பந்தலுக்குப் பக்கத்துலயே எஸ்பிரஸோப் பந்தல் ஒண்ணு போட்டுரு. கத்திரி வெயிலுக்கு எதமா இருக்கும்.

கெழவனுக்கு எஸ்பிரஸோ என்னத்தத் தெரியும்னு நெனைக்காத. தொண்ணூறுகள்ல இந்தப் பக்கம் ஒரு கல்யாண வீடு வசதியானதா இல்லையான்னு அந்த மெஷினை வச்சுத்தான் கணக்குப் போடுவோம். மொய் எழுதுற மேசைக்கு எதுத்தாப்புல பளபளன்னு நிக்கும். பையன் கப்புல காபித்தூளும் சீனியும் போட்டு, சொட்டுத் தண்ணி விட்டு, ஸ்பூனால அடிச்சு நொரைக்க வைப்பான். பாலை ஊத்தி ஆவிக் குழாய்க்கு அடியில புடிப்பான். மண்டபமே திரும்பிப் பாக்குற மாதிரி ஒரு சத்தம். மேல கொஞ்சம் தூளைத் தூவிக் குடுத்தா, வேட்டியில சிந்தாமக் குடிச்சவன் எவனும் இல்ல. ஆனா அது வெறும் ஆவி பாய்லரு. காபித்தூளு வழியா அழுத்தத்துல ஒரு சொட்டுத் தண்ணி கூடப் போகாது. நீ வாங்கியாந்தது அது இல்ல. அந்த வித்தியாசம் தெரியாமத்தான் ஒங்க மாமன் “கேட்டரிங்குக்கு விடப் போறியா மாப்ள”ன்னு கேட்டுருக்கான். அவன் கேட்டதுலயும் ஒரு ஞாயம் இருக்கு. அந்தச் சோலிக்குப் போனா மெஷினாவது பொழைக்கும்.

நீ மட்டுமா போனைப் பாத்துப் படிப்ப? நானும் பாத்தேன். 1901-ல மிலான் நகரத்துல லூய்ஜி பெட்செராங்கறவரு ஆவி அழுத்தத்துல கப்புக் கப்பா காபி எறக்குற மெஷினுக்குக் காப்புரிமை வாங்குனாரு. அதை வாங்கி 1905-லேந்து செஞ்சு வித்தது பவோனி. அப்பெல்லாம் ஆவிதான் தண்ணியத் தள்ளுச்சு. அழுத்தம் ஒண்ணரை பார் வந்தாலே பெருசு, காபியும் கருகுன வாடை அடிக்கும். பெறகு அக்கீலே காஜ்ஜியா வந்தாரு. 1938-ல மொதக் காப்புரிமை, ஒலக யுத்தம் முடிஞ்சப்பறம் நெம்புகோல் வச்ச மெஷின். அதுலதான் காபிக்கு மேல அந்தப் பொன்னெற நொரை வந்துச்சு. 1961-ல ஃபாயேமா கம்பெனி ஈ-61னு ஒண்ணு விட்டுச்சு. அந்த வருசம் பிப்ரவரியில வந்த சூரிய கிரகணத்தை வச்சு அந்தப் பேரு. நெம்புகோலுக்குப் பதிலா மோட்டார் பம்பு. இன்னிக்கு ஓடுற பல மெஷினு அந்த வம்சம்தான். ஒன்னோடதும் அதேதான்.

ஒம்போது பார் அழுத்தம்னு சொல்றீங்கல்ல, அது எம்புட்டுன்னு தெரியுமா? எங்க கணக்குல சொல்றேன். பத்து மீட்டர் ஒசரத் தண்ணிக்கு ஒரு பார். அப்ப ஒம்போது பாருக்குத் தொண்ணூறு மீட்டர், முந்நூறு அடி. முந்நூறு அடி போருக்குள்ளேந்து தண்ணிய மேல தள்ற தெம்பை, பதினெட்டு கிராம் காபித்தூளு மேல காட்டுறீங்க, அதுவும் முப்பது செகண்டு. வெத்தலைக் கொடிக்காலுக்குப் பம்புசெட்டு வச்சு ஆயுசு பூரா வாசர் மாத்துனவன்கிட்ட இதைச் சொன்னா சிரிக்காம என்ன செய்வான்? ஆனாலும் ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. நீ வாங்குனது காபி மெஷின் இல்ல. பம்புசெட்டும் பாய்லரும் ஒரே பொட்டிக்குள்ள குடித்தனம் பண்ற சாமான். காபி அதுல கடைசியா வர்ற விஷயம்.

மொதல்ல அதோட முதுகுல ஒட்டியிருக்கற தகட்டைப் படி. நீ நிக்கல் பளபளப்பைப் பாத்துக் காசைக் குடுத்த. மின்சாரப் படிப்பு படிச்ச அந்தப் புள்ளதான் தகட்டைப் பாத்துச்சாம். 380 வோல்ட், மூணு ஃபேஸ், 4,500 வாட்டு. இதை அப்படியே ஒத்த ஃபேசுக்கு மாத்துனா இருவது ஆம்பியருக்குக் கிட்ட இழுக்கும். ஒங்க வீட்டுப் பெரிய பிளக்கு பதினாறு ஆம்பியரு. கருகுன வாடை காபியிலேந்து வருதா சுவத்துலேந்து வருதான்னு கண்டுபுடிக்கிறது கஷ்டம். உள்ள இருக்கற ஹீட்டர் பெரும்பாலும் மூணு காயிலு, ஒவ்வொண்ணும் 1,500 வாட்டு. மூணுல ரெண்டுக்கு மட்டும் கரண்டு குடு. 3,000 வாட்டு, பதிமூணு ஆம்பியர். பைய சூடாகட்டும், ஒனக்கென்ன முகூர்த்தமா தவறிப் போகுது? மூணும் வேணும்னா 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் தனியா இழுத்து, தனி எம்.சி.பி. போடு. எதுவா இருந்தாலும் கரண்டு கசிஞ்சா வெட்டிவிடுற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாம சுவிட்சுல கை வைக்காத. நம்ம ஊருல பல வீட்டுல எர்த்து பின்னு ஒப்புக்குத்தான் இருக்கு. அதையும் ஆளை வச்சுச் சோதிச்சிரு.

இன்னொண்ணு. ரெண்டு வருசம் குடோன்ல கெடந்த காயில்ல ஈரம் ஏறியிருக்கும். போட்ட ஒடனே ஆர்.சி.சி.பி. விழும். நீ ஆர்.சி.சி.பி. மேல கோவப்பட்டு அதைக் கழட்டி எறிவ. அதைச் செய்யாத. மோட்டார் ரீவைண்டிங் கடையில மெக்கர் மீட்டர் வச்சுக் காயில் இன்சுலேஷனைப் பாக்கச் சொல்லு. கம்மியாக் காட்டுனா மெல்லச் சூடு காட்டி ஈரத்தை வெளியேத்தலாம். அப்பவும் ஏறலேன்னா புதுக் காயில்தான். தோட்டத்துக் கெணத்தடியில மூணு ஃபேசும் இருக்கு, 1990-லேந்து வெவசாயத்துக்கு எலவசக் கரண்டு வேற, அங்க கொண்டு போய் வச்சுரலாம்னு ஒரு நெனப்பு ஓடுதுல்ல? ஒன் கண்ணுலயே தெரியுது. அந்தக் கரண்டு நெல்லுக்கும் வெத்தலைக்கும். எஸ்பிரஸோ வெளைஞ்சதா எந்த அடங்கல்லயும் இல்ல.

வீட்டுக் கரண்டுக் கணக்கையும் பாத்துரு. பதினோரு லிட்டர் பாய்லர்ல எட்டு லிட்டர் தண்ணி நிக்கும். அதை முப்பது டிகிரியிலேந்து நூத்தி இருவதுக்குக் கொண்டு போகவே முக்கால் யூனிட்டுக்கு மேல. சுத்தியிருக்கற செம்பு, பித்தளையையும் சேத்தா ஒரு யூனிட்டு. காலையில ஒருக்கா, சாயந்தரம் ஒருக்கா சூடேத்துனா ரெண்டு மாசத்துக்கு 120. கவர்மெண்டு 2016-லேந்து வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட்டு எலவசமாக் குடுக்குது. அம்புட்டையும் மெஷினே குடிச்சிட்டு, பத்தாததுக்கு இன்னும் இருவது கேக்கும். மே மாசத்துல அடுப்படிக்குள்ள நூத்தி இருவது டிகிரி பாய்லரை வச்சுக்கிட்டு, அதை ஆத்த ஏ.சி. போடுவ பாரு, அந்தக் கணக்கை நான் சேக்கவே இல்ல.

இப்ப தண்ணி. மதுரையில பல தெருவுல போர் தண்ணிக்குப் பருப்பு வேகாது, சோப்பு நொரைக்காது. அந்தத் தண்ணியப் பாய்லருக்குள்ள விட்டா, ஆறு மாசத்துல காயிலைச் சுத்திச் சுண்ணாம்பு ஓடு கட்டிரும். சூடு தண்ணிக்குப் போகாது, காயில் உள்ளுக்குள்ளயே வெந்து சாகும். “அப்ப ஆர்.ஓ. தண்ணி ஊத்திருவேன்”னு சொல்லுவ. அங்கதான் ஒனக்கு ஆப்பு. பாய்லருக்குள்ள தண்ணி மட்டம் பாக்க ஒரு கம்பி தொங்குது. தண்ணி வழியாக் கரண்டு கடந்தாத்தான் தண்ணி நெறஞ்சிருக்குன்னு அதுக்குத் தெரியும். உப்பே இல்லாத தண்ணியில கரண்டு சரியாக் கடக்காது. காலியா இருக்குன்னு நெனச்சுக்கிட்டு மெஷின் ரொப்பிக்கிட்டே இருக்கும், ஆவிக் குழாயத் தொறந்தா வெந்நி கொட்டும். போதாக்கொறைக்கு அந்தத் தண்ணி செம்பையும் அரிக்கும். அதனால ரெண்டுக்கும் நடுவுல நில்லு. லிட்டருக்கு 50-லேந்து 100 மில்லிகிராம் வரைக்கும் கடினத்தன்மை இருந்தாப் போதும். மீன்தொட்டிக் கடையில சொட்டு விட்டுச் சோதிக்கிற மருந்து விப்பான், அதை வாங்கு. அந்த டி.டி.எஸ். பேனாவை நம்பாத, அது மொத்த உப்பைச் சொல்லும், சுண்ணாம்பு எம்புட்டுன்னு சொல்லாது.

உள்ள ஏற்கெனவே படிஞ்சிருக்கற உப்பை எடுக்கணும். ஒங்க அப்பத்தா செம்புக் கொடத்துக்குப் புளி தேப்பா. புளியில இருக்கற புளிப்புத்தான் வேலை செய்யுது. அதுக்குன்னு நீ புளியக் கரைச்சு பாய்லருக்குள்ள ஊத்திராத. மயிரிழைத் தொளை போட்ட சின்ன மூக்கு ஒண்ணு உள்ள இருக்கு, நாரு போய் அடைச்சா ரசம்தான் எறங்கும். மளிகைக் கடையில சிட்ரிக் ஆசிட்டு வாங்கு. லிட்டருக்கு முப்பது, நாப்பது கிராம் போட்டு, கை பொறுக்காத சூட்டுல, கொதிக்க விடாம, சில மணி நேரம் ஊற வை. அதிகமாப் போட்டுக் கொதிக்க வச்சா, கரைஞ்ச சுண்ணாம்பே வேற உப்பா மாறித் திரும்பவும் படியும். பாத்ரூம் கழுவுற ஆசிட்டைக் கொண்டாந்து “சட்டுனு முடிஞ்சிரும் அண்ணே”ன்னு ஒரு மெக்கானிக்கு வருவான். அவனுக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிரு. அந்த ஆசிட்டு பித்தளையத் தின்னும், எவர்சில்வர்ல ஊசித் தொளை போடும்.

பாய்லரைத் தொறக்கும்போது மூக்கைப் பொத்திக்க. கெட்டுப் போன பால் நாத்தம் அடிச்சாலும் அடிக்கும். பால் எப்படிப் போச்சுன்னு முழிப்ப. மெஷினை நிப்பாட்டுனா உள்ள இருக்கற ஆவி குளுந்து தண்ணியாகும், உள்ள வெற்றிடம் வரும், பால்ல முக்கி வச்ச குழாய் வழியா பாலை உறிஞ்சிரும். அப்படி ஆகாம இருக்கத்தான் வெளிக்காத்தை உள்ள விடுற ஒரு சின்ன வால்வு மேல இருக்கு. அது அடைச்சுக்கிட்டுக் கெடக்கறதை எவனும் பாக்க மாட்டான். சின்ன சாமான்தான், மாத்திரு.

இப்பச் சொல்லப் போறதுல லந்து கெடையாது, காதை நல்லாத் தொறந்துக்க. ஒரு லிட்டர் தண்ணி ஆவியானா 1,600 மடங்குக்கு மேல விரியும். பாய்லர்ல ஒரு பார் அழுத்தத்துக்குக் கொஞ்சம் மேல, நூத்தி இருவது டிகிரி தண்ணி எட்டு லிட்டர் அடங்கிக் கெடக்குது. எங்கிட்டாவது விரிசல் விட்டா அம்புட்டும் ஒரே மூச்சுல கொதிச்சு வெளிய வரப் பாக்கும். பாய்லர் சட்டத்துக்கு 25 லிட்டருக்குக் கொறைஞ்சது பாய்லரே இல்ல. ஒன்னோடது பதினோரு லிட்டரு. அதனால எந்த இன்ஸ்பெக்டரும் ஒன் அடுப்படிக்கு வரப் போறதில்ல. நீதான் இன்ஸ்பெக்டரு, லஞ்சமும் நீதான் குடுக்கணும், நீதான் வாங்கணும். பழைய சேஃப்டி வால்வைத் தொடச்சு மாட்டுற சோலியே வேணாம், புதுசு போடு. பிரஷர் சுவிட்சோட முனை கருகி ஒட்டிக்கிச்சுன்னா ஹீட்டர் நிக்காது. அப்ப ஒன்னையும் அந்தப் புள்ளையையும் காப்பாத்தறது அந்த வால்வு மட்டும்தான். எல்லாம் மாட்டி முடிச்சதும் காத்தடிச்சுச் சோதிக்காத. அமுக்குன காத்து வெடிக்கும், அமுக்குன தண்ணி ஒழுகறதோட நின்னுரும். சேஃப்டி வால்வு எடத்தை மூடிட்டுப் பச்சத் தண்ணி நெரப்பி, கைப்பம்பால அழுத்திப் பாரு. சோதிச்சு முடிச்சதும் வால்வைத் திரும்ப மாட்ட மறந்தீன்னா அதுக்கப்பறம் நான் சொல்ல ஒண்ணுமில்ல.

ரப்பரெல்லாம் கல்லாப் போயிருக்கும். கைப்பிடி மாட்டுற எடத்துல இருக்கற காஸ்கெட்டை ஊசி போட்டு நெம்பித்தான் எடுக்கணும். அதுக்கு அந்த மெஷின் மாடலுக்கு உரியதையே தருவிச்சுக்க. மத்த சில்லறைக்கெல்லாம் மதுரையே போதும். இத்தாலிக்காரன் குழாய் மரையும் நம்ம பிளம்பர் மரையும் ஒண்ணுதான், அரை இஞ்சி, முக்கா இஞ்சிக் கணக்கு. ஓ-ரிங்கு பம்புசெட்டுக் கடையில கெடைக்கும், ஆனா குடிதண்ணிக்கு ஆகுற ரகமான்னு கேட்டு வாங்கு. ஸ்பேனருக்கு ஞாயித்துக்கிழமை திலகர் திடல் சந்தைக்குப் போ. புதுசுக்குக் குடுக்குற காசுல அங்க ஒரு செட்டே அமையும். பித்தளை முனை தேஞ்சிருந்தா லேத்துப் பட்டறையில கடைஞ்சு குடுப்பாங்க. ரேடியோ ரிப்பேர் கடை சால்டரை வச்சு மட்டும் பத்த வைக்காத, அதுல ஈயம் கலந்திருக்கும், காபியோட வயித்துக்குள்ள போகும்.

மெஷின் முடிஞ்சுச்சா? இப்ப அரைக்கற மெஷினு எங்க? மிக்சியா! யானை வாங்குனவன் அங்குசத்துக்குக் கணக்குப் பாத்த கதைதான் போ. பதினெட்டு கிராம் தூளுலேந்து முப்பத்தாறு கிராம் காபி இருவத்தஞ்சு, முப்பது செகண்டுல எறங்கணும். பத்து செகண்டுல ஓடியாந்தா தூளு கொறகொறப்பு. முக்கி முக்கிச் சொட்டுனா ரொம்ப மாவு. அன்னன்னிக்கு அரவைய நூலளவு கூட்டிக் கொறைச்சாத்தான் கைக்குள்ள வரும், அது கடையில அரைச்ச பொட்டலத்துல நடக்காது. நல்ல பர் கிரைண்டருக்குக் காசு ஒதுக்காம மெஷினுக்கு நிக்கல் பூச ஓடாத. கொட்டைக்கு நீ எத்தியோப்பியா போக வேணாம். தாண்டிக்குடி, பண்ணைக்காடு மலையில வெளையுது, பட்டிவீரன்பட்டியில பக்குவம் பண்றாங்க, வத்தலக்குண்டு பஸ்ஸு ஏறுனா வந்துரும்.

கடைசியா ஒரு சூட்சுமம், ஒனக்கு வித்தவன் சொல்லியிருக்க மாட்டான். ஒன் மெஷின்ல காபிக்குப் போற தண்ணி, பாய்லருக்கு நடுவுல ஓடுற குழாய்க்குள்ள சூடாகுது. கடையில கப்பு மேல கப்பு போறதால தண்ணி ஓடிக்கிட்டே இருக்கும், சூடு அளவா நிக்கும். ஒன் வீட்டுல ஒரு மணி நேரத்துக்கு ஒரு கப்பு. அந்த எடைவெளியில குழாய்த் தண்ணி நூறு டிகிரி தாண்டிரும். வேணுங்கறது தொண்ணூறுக்குக் கொஞ்சம் மேல. அதனால ஒவ்வொரு கப்புக்கு முந்தியும் அரை டம்ளர், முக்கா டம்ளர் தண்ணியச் சும்மா தொறந்து விடணும். சீத்துச் சீத்துன்னு வர்றது அடங்குனப்பறம்தான் கைப்பிடிய மாட்டணும். ஆளு வராத கடைக்குத் தான் காவல் இருக்கோம்னு அந்த மெஷினுக்குத் தெரியாது பாரு.

ஆக மொத்தம் என்ன சொல்றேன்? ஒனக்கு வேணுங்கறது காபி இல்லடா. காபிதான் வேணும்னா பித்தளை பில்டரு இருக்கு, கரண்டு வேணாம், வால்வு வேணாம், கொஞ்ச நேரத்துல டிகாக்ஷன் எறங்கும், டவராவுல ஆத்திக் குடிச்சிட்டு வேலையப் பாக்கலாம். ஒனக்கு வேணுங்கறது கழட்டி மாட்டுற சோலி. பகல் பூரா கண்ணாடித் திரையில எழுத்தை நகத்துறவனுக்கு, ராத்திரி ஒரு நட்டை முறுக்கி அது நின்னுருச்சுன்னு பாக்கறதுல ஒரு நிம்மதி இருக்கு. அது எனக்குத் தெரியாதா? ராத்திரி ரெண்டு மணிக்கு மும்முனைக் கரண்டு வரும்னு பம்புக் கொட்டாய்ல படுத்துக் கெடந்தவன்தான் நானும். அந்த ஆசை நல்ல ஆசை. அதை “காபிக்காக வாங்குனேன், காசு மிச்சம்”னு வீட்டுல சொல்லாத, அந்தப் புள்ள கணக்குல கெட்டிக்காரி. “எனக்குப் புடிச்சிருக்கு”ன்னு சொல்லு, ஒத்துக்கிடும்.

மொறைய மாத்தாத: மொதல்ல சேஃப்டி வால்வு, ரெண்டாவது எர்த்து, மூணாவது தண்ணி, நாலாவது ரப்பரு, பளபளப்பு கடைசி. சிட்ரிக் ஆசிட்டு போட்டுக் கழுவுனதுக்கப்பறம் மூணு பாய்லர் தண்ணிய மொத்தமா வெளிய கொட்டு. மொத வாரக் காபியச் சொந்தக்காரன் எவனுக்கும் குடுக்காத, நீயே குடி. ஒனக்கு ஒண்ணும் ஆகலேன்னா எனக்கு ஒரு போன் போடு, வர்றேன். சீனி கம்மியா.